1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அழிக்காமல் கொடுத்த ஹார்ட் டிஸ்க்

வணக்கம் நண்பர்களே. இன்று என் மேசையில் இருப்பது ஒரே ஒரு பொருள்தான். சித்தப்பாவின் அலுவலகக் கணினியிலிருந்து கழற்றி எடுத்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சென்ற வாரம் முழுவதும் இதோடுதான் மல்லுக்கட்டினேன். வேறு காணொளி எதுவும் வராததற்கும் இதுவே காரணம்.

சித்தப்பா 20 ஆண்டுகளாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய கணினியில் இருந்தவை அவருடைய தகவல்கள் மட்டும் அல்ல. நம்பி வந்தவர்களின் பான் அட்டை, ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், ஃபார்ம் 16 எல்லாம் அதில்தான் இருந்தன. புதுக் கணினி வாங்கியதும் பழையதை எதிர் வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பெண்ணுக்குக் கொடுத்துவிட நினைத்த அவர், பொறுப்பாக முதலில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துச் சென்று, எல்லாவற்றையும் நிரந்தரமாக அழித்துத் தரும்படி கேட்டிருக்கிறார். கடைக்காரர் "7 முறை நிரந்தர அழிப்பு" என்று பில்லில் எழுதி, முத்திரை குத்தி, 1,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

இந்த 1,500 ரூபாயைப் பற்றி நான் பேசித்தான் ஆக வேண்டும். இதே கொள்ளளவுள்ள பழைய டிஸ்க்கே அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. விலை அதிகம் என்பதுகூட எனக்கு இரண்டாவது வருத்தம்தான். காலை 11 மணிக்குக் கொடுத்த டிஸ்க்கைப் பகல் 12 மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். இந்த டிஸ்க்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஒரு முறை எழுதுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். 7 முறை என்றால் 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு மணி நேரத்தில் அதைச் செய்து முடிக்க யாராலும் முடியாது.

சந்தேகம் வந்ததும் டிஸ்க்கை வாங்கிவந்து, மடிக்கணினி டிஸ்க் காணொளியில் காட்டினேனே, அந்த யூஎஸ்பி கேபிளில் மாட்டினேன். சுழலவே இல்லை. மடிக்கணினி டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும், யூஎஸ்பியிலிருந்தே கிடைத்துவிடும். மேசைக் கணினியின் பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் தேவை. ஆகவே தனி மின் இணைப்புடன் வரும் அடாப்டர் ஒன்றை 950 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதில் மாட்டியதும் டிஸ்க் சுழலத் தொடங்கிய ஒலி எனக்கு அவ்வளவு நிம்மதியைத் தந்தது. பிறகு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட விட்டேன். அது கோப்புப் பட்டியலைப் பார்ப்பதில்லை, டிஸ்க்கில் கிடக்கும் பைட்டுகளை நேரடியாகப் படித்துக்கொண்டே போகும். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்குவதால், அந்த அடையாளம் தட்டுப்பட்ட இடமெல்லாம் படத்தை மீட்டு எடுத்து வைத்துவிடும். 20 நிமிடத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் வந்து விழுந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஒருவருடைய பான் அட்டை, நீல மையில் போட்ட கையொப்பத்தோடு தெளிவாக இருந்தது. அடுத்ததைத் திறக்க மனம் வரவில்லை.

கடையில் செய்தது விரைவு ஃபார்மேட் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ரேஷன் கார்டிலிருந்து ஒருவர் பெயரை நீக்கிவிட்டால் அவர் வீட்டைவிட்டுப் போய்விடுவதில்லை அல்லவா? கோப்பை அழிப்பதும், குப்பைத்தொட்டியைக் காலி செய்வதும், விரைவு ஃபார்மேட் செய்வதும் அப்படிப்பட்டவைதான். பட்டியலில் பெயர் போகும், அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை தரவு அங்கேயே இருக்கும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மேட் மட்டும் அந்தப் பகுதி முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. விண்டோஸிலேயே வரும் டிஸ்க்பார்ட் என்ற கருவியைப் பயன்படுத்துபவர்களும் கவனிக்க வேண்டும். "கிளீன்" என்ற கட்டளை டிஸ்க் எப்படிப் பகுதி பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற விவரங்களை மட்டுமே துடைக்கும், "கிளீன் ஆல்" என்று கொடுத்தால்தான் கடைசி செக்டார் வரை, அதாவது 512 பைட்டுகள் கொண்ட கடைசிச் சிறு துண்டு வரை, பூஜ்யம் எழுதப்படும்.

இந்த "7 முறை", "35 முறை" என்ற பேச்சை நான் அடியோடு வெறுக்கிறேன். 35 என்ற எண் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைய டிஸ்க்குகளில் தரவைப் பதிய இருந்த பல்வேறு குறியீட்டு முறைகள் அனைத்துக்கும் சேர்த்து அவர் தொகுத்த வரிசை அது. இன்றைய டிஸ்க் எதற்கும் அந்த 35-உம் தேவையில்லை என்று அவரே பின்னர் எழுதிவிட்டார். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2014-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியும், இது போன்ற காந்த டிஸ்க்கில் பூஜ்யத்தை முழுமையாக ஒரு முறை எழுதினாலே, ஆய்வக நுட்பங்களைக் கொண்டும் தரவை மீட்பது பொதுவாக இயலாது என்றுதான் சொல்கிறது. எத்தனை முறை எழுதினோம் என்பதைவிட, ஓர் இடம்கூட விடாமல் எழுதினோமா, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தோமா என்பதே முக்கியம்.

அப்படியானால் பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸில், பைட்டுகளை அப்படியே எழுதும் டிடி என்ற கட்டளையால் பூஜ்யங்களை எழுதிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பெரும்பாலோருக்கு அது போதும். நான் அங்கே நிற்காததற்குக் காரணம், டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் இடம் மாற்றப்பட்ட செக்டார்கள் 8 என்று காட்டியதுதான். பழுதான செக்டாரை டிஸ்க் தானாகவே ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் பயன்படுத்திக்கொள்ளும். ஒதுக்கப்பட்டதில் பழைய தரவு அப்படியே கிடக்கலாம், டிடி அதைத் தொட முடியாது. 8 செக்டார் என்றால் 4,096 பைட்டுதான். ஆனால் ஒரு பான் எண்ணுக்கு 10 எழுத்துகளே போதும் என்று நினைத்தபோது அந்த 4,096 எனக்குச் சிறியதாகத் தெரியவில்லை.

ஆகவே டிஸ்க்கின் உள்ளேயே இருக்கும் ஏடிஏ செக்யூர் இரேஸ் வசதியைப் பயன்படுத்தினேன். அதில் மேம்பட்ட வகை என்று ஒன்று உண்டு. ஒதுக்கப்பட்ட செக்டார்களையும் சேர்த்து அழிக்க வேண்டும் என்பது அதன் விதி. யூஎஸ்பி அடாப்டர்கள் இந்தக் கட்டளையைச் சரியாகக் கடத்தும் என்று நம்ப முடியாது என்பதால், என் மேசைக் கணினியைத் திறந்து உள்ளே டிஸ்க்குகளுக்கென்றே இருக்கும் சாட்டா இணைப்பில் நேரடியாக மாட்டினேன். அதற்கு முன், வழக்கம்போல என்னுடைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டேன். தவறான டிஸ்க்கை அழித்துவிட்டு அழுதவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன.

டிஸ்க்குக்கு இந்த உத்தரவை அனுப்பும் எச்டிபார்ம் என்ற லினக்ஸ் கட்டளையைக் கொடுத்தால், டிஸ்க் "ஃப்ரோசன்" நிலையில் இருப்பதாகச் சொன்னது. கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் மென்பொருளே பாதுகாப்புக்காக அப்படிப் பூட்டிவிடுகிறது. மீண்டும் மீண்டும் அணைத்துப் போட்டேன், இரண்டு மணி நேரம் போனது. இறுதியில், லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினியை உறக்க நிலைக்கு அனுப்பி, பத்து விநாடி கழித்து எழுப்பினேன். "நாட் ஃப்ரோசன்" என்று வந்தது! இந்த மாதத்தில் என்னை இவ்வளவு மகிழ்வித்த இரண்டு சொற்கள் வேறு இல்லை.

அழிக்கும் முன் டிஸ்க்குக்கு ஒரு கடவுச்சொல் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அது தானாக நீங்கிவிடும். நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க் பூட்டியபடியே நின்றுவிடும் என்பதால், அந்தக் கடவுச்சொல்லை மஞ்சள் ஸ்டிக்கரில் எழுதி டிஸ்க்கின் மேலேயே ஒட்டினேன். மறுநாள் எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று தெரிந்திருந்ததால் இரவிலேயே தொடங்கினேன். டிஸ்க் தானே கணித்த நேரம் 92 நிமிடம், அதற்குள்ளேயே முடிந்தது.

பிறகு சரிபார்ப்பு. பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் கட்டளையால் டிஸ்க் முழுவதையும் படிக்க வைத்தேன். ஒரே மாதிரியான வரிகள் தொடர்ந்து வந்தால் அது ஒரு வரியை மட்டும் காட்டிவிட்டு, அடுத்த வரியில் ஒரு நட்சத்திரக் குறி போடும். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரையில் இருந்தவை மூன்றே வரிகள். முதலில் பூஜ்யங்கள், அடுத்து நட்சத்திரம், கடைசியில் டிஸ்க்கின் இறுதி முகவரி. 97,67,73,168 செக்டார்களிலும் பூஜ்யத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஃபோட்டோரெக்கை மீண்டும் ஓட்டினேன், ஒரு கோப்பும் கிடைக்கவில்லை.

முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். முதலில் மீட்ட படங்கள் எங்கே போய் விழுந்தன? என்னுடைய 16 ஜிபி பென்டிரைவில். அதையும் அழிக்க வேண்டும் அல்லவா? பென்டிரைவும், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்கும் ஃபிளாஷ் என்ற சிப்பு நினைவக வகை. தேய்மானத்தைப் பரப்புவதற்காக ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதுபவை அவை, நீங்கள் மேலெழுதினாலும் பழைய நகல் எங்கோ ஒளிந்திருக்கலாம். எஸ்எஸ்டியில் தனிக் கோப்பை மேலெழுதி அழிப்பது நம்பகமானது அல்ல என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2011-இலேயே காட்டிவிட்டார்கள். எஸ்எஸ்டிக்கு அதன் சொந்த அழிப்புக் கட்டளைதான் வழி, அதைவிட நல்லது வாங்கிய முதல் நாளிலேயே கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி முழுவதையும் மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்துவிடுவது. என் பென்டிரைவில் அப்படிப்பட்ட கட்டளை எதுவும் இல்லாததால், சிப்பு துண்டு துண்டாக உடையும் வரை அம்மிக்கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன்.

சித்தப்பா நேற்று பில்லை எடுத்துக்கொண்டு, நான் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டி, கடையில் பேசினார். 1,500 ரூபாயும் திரும்பக் கிடைத்தது. டிஸ்க்கைக் கணினியில் மாட்டி உபுண்டு லினக்ஸ் நிறுவிவிட்டேன், இன்று மாலை எதிர் வீட்டுக்குப் போகிறது. சித்தப்பாவின் அலமாரியில் இன்னும் இரண்டு பழைய டிஸ்க்குகள் இருக்கின்றனவாம், அவற்றில் ஒன்று எழுதவே மறுக்கும் பழுதான டிஸ்க். அதைத் திறந்து உள்ளே இருக்கும் தட்டுகளை எப்படி அழிப்பது என்பதை அடுத்த காணொளியில் காட்டுகிறேன். வணக்கம்.