புஷ் இறுக்கமாக இருந்தால் சுருதி நிற்குமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "1920களில் செய்த கிராண்ட் பியானோ ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறேன். பின் பிளாக்கில் (கம்பிகளின் டியூனிங் பின்களை இறுகப் பிடித்திருக்கும் மரப்பலகை) துளைக்குத் துளை விரிசல் ஓடியிருக்கிறது, புதியது போடப் போகிறேன். கம்பிகளின் இழுப்பைத் தாங்கும் இரும்பு பிளேட்டின் துளைகளில் உள்ள மரப் புஷ்கள் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவிடலாமா? புஷ் இறுக்கமாக இருந்தால் சுருதி நன்றாக நிற்கும் என்கிறார்களே?"

விடாதீர்கள், மாற்றிவிடுங்கள். ஆனால் புஷ் இறுக்கத்தால் சுருதி நிற்கும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். நல்ல வேலைகள் பல கெட்டுப்போவது அந்த எண்ணத்தால்தான்.

புஷ் எதற்காக இருக்கிறது என்று பாருங்கள். பிளேட்டில் உள்ள துளை, கம்பியைச் சுற்றி முறுக்கும் எஃகு முளையான டியூனிங் பின்னைவிடப் பெரியது. நடுவில் உள்ள இடைவெளியை இந்த மரத்துண்டு நிரப்புகிறது. பின்னின் தலைப்பக்கத்தைக் கம்பி விடாமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. சுருதி சேர்க்கும்போது, பின்னைத் திருப்பும் கருவியான லீவரும் அதை அசைக்கிறது. அப்போது பின் வளைந்து ஆடாமல் சாய்ந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் புஷ். பின் சுழன்று தளர்ந்துவிடாமல் பிடிப்பது அதன் வேலை அல்ல, பிளாக்கின் வேலை.

புஷ்ஷும் இறுகப் பிடித்தால் பின் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறது. லீவரைத் திருப்பினால் தலைப்பக்கம் திரும்பும், பிளாக்குக்குள் இருக்கும் அடிப்பக்கம் நகராது. நடுவில் எஃகு முறுக்கிக்கொண்டு நிற்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று ஒரு குதி குதிக்கும். சுருதி சரியாக வந்துவிட்டது என்று கையை எடுப்பீர்கள், முறுக்கு மெல்ல விலகி ஸ்வரம் இறங்கிவிடும். இதைவிட மோசம் ஒன்று உண்டு: டார்க், அதாவது பின்னைத் திருப்பத் தேவைப்படும் முறுக்குவிசை, அளந்து பார்த்தால் எண் நன்றாகவே காட்டும். அந்த எண்ணில் எவ்வளவு பிளாக்குடையது, எவ்வளவு புஷ்ஷுடையது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

பழைய புஷ்ஷை ஏன் மாற்றச் சொல்கிறேன்? இத்தனை காலமும் ஒரே பக்கம் அழுத்தப்பட்டு அதன் துளை நீள்வட்டமாகியிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. புதிய பிளாக்கில் துளைகள் இம்மியளவு தள்ளி விழுந்தாலும் பழைய புஷ் பின்னைக் கோணலாகத் தள்ளும். தட்டி எடுத்துவிட்டு, மேப்பிள் அல்லது பீச் மரத்தில் செய்த புதியவற்றை அடித்து இறக்கி, பிளேட்டின் மேற்பரப்போடு சமமாக நிறுத்துங்கள். புஷ்ஷே இல்லாத பியானோக்களும் உண்டு. அவற்றில் புதிதாகச் சேர்க்க முயல வேண்டாம்.

இப்போது நண்பர் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியம். உங்கள் பிளாக், பிளேட்டின் ஃபிளாஞ்ச் எனப்படும் இரும்பு விளிம்போடு எப்படிச் சேர்ந்திருக்கிறது?

ஒரு பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள், ஒவ்வொன்றும் சுமார் 70, 80 கிலோ இழுக்கிறது. கூட்டினால் 16 டன்னுக்கும் மேல். இவ்வளவும் பின்கள் வழியாகப் பிளாக்கை வால்பக்கம் இழுக்கின்றன. அதைத் தடுத்து நிறுத்துவது பிளேட்டின் அடியில் கீழ்நோக்கி நிற்கும் அந்த இரும்பு விளிம்பு. அங்கே இடைவெளி இருந்தால் சுமை முழுவதும் திருகாணிகளின் தலையில் விழுகிறது. பிளாக் நாளுக்கு நாள் நகரும், சுருதி நிலைக்காது. பிளேட்டே வெடிக்கவும் கூடும், வெடித்த வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது எளிதல்ல.

வார்ப்பிரும்பு விளிம்பு நேராக இருக்காது. மேடு பள்ளம் இருக்கும், சாய்வு இருக்கும், வளைவும் இருக்கும். இயந்திரத்தில் நேராக அறுத்த பலகையை அதில் வைத்தால் மூன்று நான்கு இடத்தில்தான் தொடும். விளிம்பில் சாக்பீஸ் தடவுங்கள், பிளாக்கை வைத்து அழுத்தி எடுங்கள், வெள்ளை ஒட்டிய மேடுகளை மட்டும் இழையுங்கள், மறுபடி வையுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெள்ளை பரவலாகப் படியும்வரை இதைத்தான் செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் பியானோவின் ஆயுளே இதில் இருக்கிறது. மெல்லிய மரச்சீவலையோ அட்டையையோ செருகி ஒப்பேற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது நசுங்கிவிடும். கையால் இழைத்த பிறகும் மயிரிழை இடைவெளி மிஞ்சினால், இரும்பில் மெழுகு பூசிவிட்டுக் கெட்டியான எபாக்சி நிரப்பலாம். இழைக்கும் சோம்பலுக்கு எபாக்சியை மாற்றாக்காதீர்கள்.

பிளாக் உட்கார்ந்த பிறகுதான் துளை. புஷ்கள் பிளேட்டில் இருக்கும்போதே அவற்றின் வழியாகப் பிளாக்கையும் சேர்த்துத் துளைப்பது எனக்குப் பிடித்த முறை, இரண்டு துளையும் ஒரே கோட்டில் வரும். கம்பி இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கமாகப் பின் சில டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும், பழைய பிளாக்கிலிருந்தே அந்தக் கோணத்தை அளந்துகொள்ளலாம். பிறகு புஷ்ஷை மட்டும் பின்னின் குறுக்களவுக்குப் பெரிதாக்குங்கள். டிரில்லில் ஆழத் தடுப்பு போட்டுக்கொள்ளுங்கள், முனை பிளாக்கைத் தொட்டுவிடக் கூடாது. பின் புஷ்ஷில் சாய வேண்டும், சிக்கக் கூடாது.

பிளாக்கில் துளையின் அளவு பின்னைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் சிறியதாக இருக்கும். எல்லாப் பலகைக்கும் அதே அளவு பொருந்தாது. அடுக்குகள் அதிகமான அடர்த்தியான பலகைக்குத் துளை சற்றுப் பெரிதாக வேண்டும். அதே பிளாக்கில் அறுத்த மிச்சத் துண்டில், போடப்போகும் அதே பின்களை வெவ்வேறு துளைகளில் அடித்து டார்க் அளந்து பாருங்கள். 10 முதல் 15 நியூட்டன் மீட்டருக்குள் வந்தால் எனக்குத் திருப்தி. இந்தச் சோதனையில் புஷ் இல்லாததால் உண்மையான எண் தெரியும். டிரில் கூராக இருக்கட்டும், அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். சூடேறினால் துளையின் சுவர் கருகி வழுவழுப்பாகிவிடும், பின் அதில் ஒழுங்காகப் பிடிக்காது.

பின்களை அடிக்கும்போது பிளாக்குக்கு அடியில் ஜாக்கி முட்டுக் கொடுங்கள். முட்டில்லாமல் அடித்தால் அந்த அடியெல்லாம் பிளேட்டுக்கும் திருகாணிகளுக்கும் போகும்.

நண்பரே, துளை போடுவதற்கு முன் ஃபிளாஞ்ச் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பிளாக்கைத் திருகி முடுக்கிய பிறகு, ஒரு பக்கம் விளக்கை வைத்து மறுபக்கத்திலிருந்து எடுங்கள். வெளிச்சம் கசியும் இடங்களைக் குறித்துச் சொல்கிறேன்.