மார்பகப் புற்றுநோய்: கணக்கில் விடுபடுகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயே முதலிடத்தில் இருப்பதாகச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். இந்தக் கணக்கை நமக்குத் தருபவை புற்றுநோய்ப் பதிவகங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்தில் சென்னை, பெங்களூரு, மும்பை ஆகிய நகரங்களில் 1982 முதல் இப்பணி நடக்கிறது; சென்னைப் பதிவகம் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இயங்குகிறது. விவரங்கள் தாமாக வந்து சேர்வதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை, ஆய்வகம், இறப்புப் பதிவு அலுவலகம் எனப் பணியாளர்கள் ஏறி இறங்கித்தான் அவற்றைத் திரட்டுகிறார்கள்.

திரட்டிய பின்னர்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. லட்சுமி என்றொரு பெண்மணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். திசுப் பரிசோதனை செய்த ஆய்வகத்தில், தந்தையின் முதலெழுத்தோடு, அவர் எஸ். லட்சுமி. அறுவை சிகிச்சை நடந்த தனியார் மருத்துவமனையில், கணவரின் முதலெழுத்தோடு, ஆர். லட்சுமி. கதிர்வீச்சுக்குப் போன அரசு மருத்துவமனையிலோ மகாலட்சுமி. வயது ஓரிடத்தில் 52, இன்னோரிடத்தில் 55. முகவரி ஒன்றில் சொந்த ஊர், மற்றொன்றில் சிகிச்சைக்காகத் தங்கியிருந்த மகள் வீடு. இவர் ஒருவரா, மூவரா? மூவர் என்று கொண்டால் நோய் பெருகிவிட்டதாகத் தோன்றும்; வெவ்வேறு லட்சுமிகளை ஒருவராக்கிவிட்டாலோ குறைந்துவிட்டதாகத் தோன்றும். அவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியாவிட்டால், எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்பதும் தெரியாது. ஸ்வீடனில் 1947 முதல் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் உண்டு. 2008இல் அங்கு மார்பகப் புற்றுநோய்க்கென்றே தேசியப் பதிவேடு தொடங்கியபோது, அந்த எண்ணே இந்தச் சிக்கலில் பெரும்பகுதியைத் தீர்த்து வைத்திருந்தது. நம் பணியாளர்களோ பெயரையும் வயதையும் தெருவையும் ஒப்பிட்டு ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. இந்த உழைப்பு எந்த அறிக்கையிலும் தெரிவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இனி, விடுபடுகிறவர்களைப் பற்றி. பதிவான நோயாளிகள் அனைவருக்கும் திசுப் பரிசோதனை செய்யப்பட்டிருக்கிறது என்று ஒரு பதிவகம் சொன்னால், கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். எனக்கு அங்கேதான் ஐயம் எழும். கட்டி முற்றிய நிலையில், ஊசி குத்தக்கூட உடன்படாமல் வீட்டிலேயே இருந்து மறைந்த மூதாட்டிகள் எங்கே போனார்கள்? இறப்புச் சான்றிதழின் வழியாகப் பிடிக்கலாம் என்றால், நம் நாட்டில் பதிவாகும் இறப்புகளில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிக்கிறார். ஆகவே, இறப்புச் சான்றிதழால் மட்டுமே தெரியவந்தவர்கள் குறைவு என்பதும் பதிவு முழுமையானது என்பதற்குச் சான்றாகாது. இறப்புப் பதிவில் காரணமே இல்லை என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம்.

நோயின் நிலை, கட்டி ஹார்மோனால் தூண்டப்படுவதா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிகிச்சைக்குப் பின் வராமல் போனவரை, இறப்புத் தகவல் இல்லாத காரணத்தால் உயிரோடிருப்பவராகக் கொண்டால், நோயாளிகளில் உயிர் பிழைத்திருப்போரின் விகிதம் உள்ளதைவிட உயர்ந்து நிற்கும். அவர் வீட்டுக்குக் கடிதமோ தொலைபேசி அழைப்போ போனதா என்பதையும் அறிக்கைகள் சொல்ல வேண்டும். வணக்கம்.