சூடு காட்டுவதற்கு முன் ஓர் எக்ஸ்ரே

நேயர்கள் அனைவருக்கும் தண்டையார்பேட்டையிலிருந்து வணக்கம். இப்போது திரையில் நீங்கள் பார்ப்பது என்னுடைய மடிக்கணினி மதர்போர்டின் எக்ஸ்ரே படம். திரை இருண்டுபோன இந்தக் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது, கிராபிக்ஸ் சிப்பின் மேல் சூடான காற்றைப் பாய்ச்சி, சரியாகிவிட்டது என்று திருப்பித் தந்தார்கள். பதினெட்டே நாளில் மறுபடியும் நின்றுவிட்டது. அதன் பிறகுதான், சர்க்யூட் போர்டு தயாரிக்கும் தொழிற்கூடத்தில் வேலை செய்யும் நண்பரிடம் இதை எடுத்துச் சென்றேன்.

1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜென் தம் மனைவியின் கையைப் படமெடுத்தபோது, சதை மங்கி, எலும்பும் மோதிரமும் கருமையாக விழுந்தன. இங்கும் அதே கதைதான். அணு எண் கூடக்கூடக் கதிரை விழுங்கும் தன்மையும் கூடுகிறது: சிலிக்கானுக்கு 14, செம்புக்கு 29, சிப்பைப் போர்டோடு ஒட்டவைக்கும் உலோகக் கலவையான சால்டரில் உள்ள வெள்ளீயத்துக்கு 50. ஆகவே சிப் ஏறக்குறைய மறைந்துபோய், அதன் அடியில் கண்ணுக்கு எட்டாமல் இருக்கும் சால்டர் உருண்டைகள், மார்கழி வாசலில் கோலத்துக்கு வைத்த புள்ளிகளைப் போல வரிசையாகத் தெரிகின்றன.

இந்த மூலையைச் சற்றுப் பெரிதாக்குகிறேன். உருண்டைகளுக்குள் வெளிறிய வட்டங்கள் தெரிகின்றன அல்லவா? சால்டர் உருகும்போது வெளியேற வழியில்லாமல் சிக்கிய வாயுக் குமிழிகள் அவை. சிறிதாக இருந்தால் கவலையில்லை. ஆனால் இந்த இரண்டு புள்ளிகளையும் பாருங்கள், நடுவில் இடைவெளியே இல்லை. காரீயம் கலக்காத சால்டர் சுமார் 217 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். அளவு பார்க்காமல் சூடு காட்டியதில் இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகியிருக்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

கதிர் பட்ட போர்டை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்று அம்மா கேட்டார். தாராளமாகக் கொண்டுவரலாம், இயந்திரத்தை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும், போர்டில் எதுவும் தங்காது.

எக்ஸ்ரே எல்லாவற்றையும் காட்டிவிடாது. மயிரிழை போன்ற விரிசல் நேர்மேலிருந்து பார்த்தால் தெரியாமல் போகலாம் என்பதால், போர்டைச் சாய்த்து வைத்தும் படமெடுத்தோம். நம் பகுதியின் உப்புக் காற்றில் இணைப்புகளின் மேல் படியும் மெல்லிய பச்சைக் களிம்புக்கோ பூதக்கண்ணாடிதான் வேண்டும்.

அடுத்த வாரம் இந்தச் சிப்பைக் கழற்றி, பழைய சால்டரைத் துடைத்தெடுத்து, புதிய உருண்டைகள் வைத்துப் பொருத்தப்போகிறோம். மின்சாரம் கொடுப்பதற்கு முன், இதே மூலையை இதே கோணத்தில் மீண்டும் படமெடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுகிறேன்.