கார்பன் சைக்கிளைக் காரில் கொண்டுபோவது: சென்னையிலிருந்து மலைக்கு

வணக்கம் நண்பர்களே. சென்னையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது, முகத்தில் அறையும் எதிர்காற்றும் இருக்கிறது. மேடு மட்டும்தான் இல்லை. ஆகவே ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையோ, இன்னும் துணிச்சல் இருந்தால் கொல்லிமலையின் 70 வளைவுகளையோ மிதிக்க விரும்புபவர்கள், சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கிறது. கார்பன் ஃபைபர் சைக்கிளை இப்படிக் கொண்டுபோகும்போது எங்கே சேதம் நேர்கிறது, அதை எப்படித் தவிர்ப்பது என்பதுதான் இன்றைய காணொளி.

கார்பன் ஃபிரேம் என்றாலே தொட்டால் உடைந்துவிடும் என்று அஞ்சுபவர்களும் உண்டு, எஃகை விட வலிமையானது என்று எப்படி வேண்டுமானாலும் கையாள்பவர்களும் உண்டு. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மூங்கில் பந்தல்காலாக நின்று எவ்வளவோ பாரம் தாங்கும்; அதே மூங்கிலைக் குறுக்கே வைத்து நசுக்கினால் பிளந்துவிடும். கார்பன் குழாயும் அப்படித்தான். ஓட்டுபவரின் எடை, மிதியின் விசை, சாலையின் அதிர்வு ஆகியவை எந்தத் திசையில் வரும் என்று கணக்கிட்டு, அந்தத் திசைகளுக்கு ஏற்ப இழைகளை அடுக்கி, எபாக்சி பிசினால் இறுக்கிச் செய்யப்பட்டது அது. பக்கவாட்டிலிருந்து ஒரே புள்ளியில் விழும் அழுத்தத்துக்கு அது தயாராக இல்லை. இதோ, கேமராவை அருகில் கொண்டுவருகிறேன்: சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே மேலாக ஓடும் இந்தக் குழாய்தான் டாப் டியூப். இலகுவான ஃபிரேம்களில் இதன் நடுப்பகுதியில் சுவரின் தடிமன் ஏறத்தாழ 1 மி.மீ. அளவில்தான் இருக்கும். பழுதுபார்க்கும் ஸ்டாண்டில் கூட டாப் டியூபைப் பிடிக்கவிடாதீர்கள், சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட்டைப் பிடியுங்கள் என்று தயாரிப்பாளர்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், சைக்கிளைக் காரில் மாட்டுவதற்குக் கடையில் காட்டப்படும் ரேக்குகளில் எதை ஒதுக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். டிக்கிக் கதவின் மேல் பட்டைகளால் கட்டப்படும் ரேக்தான் நம் ஊரில் விலை குறைவானதும் எளிதில் கிடைப்பதும் ஆகும். அதில் சைக்கிளின் மொத்த எடையும் டாப் டியூபைத் தாங்கும் இரண்டு சிறிய ரப்பர் தொட்டில்களின் மேல் தொங்குகிறது. எடை எட்டு கிலோதானே என்று தோன்றலாம். ஆனால் எச்சரிக்கைப் பலகை இல்லாத ஒரு வேகத்தடையில் கார் துள்ளும்போது அந்த எடை பல மடங்கு விசையாக அதே இரண்டு இடங்களில் இறங்குகிறது. பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தால் பிடியே நசுக்கவும் செய்யும். போதாதற்கு நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் சைக்கிள் மறைத்துவிடும். சட்டப்படி அவை இரண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். கார்பன் சைக்கிளுக்கு இந்த வகை ரேக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூரை ரேக்குகளில் சக்கரத்தை மட்டும் பிடிப்பவை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடிப்பவை, ஃபிரேமின் கீழ்ப்புறக் குழாயான டவுன் டியூபைக் கவ்வுபவை என்று மூன்று வகை உண்டு. ஸ்வீடனின் தூலே நிறுவனத்தையே எடுத்துக்கொண்டால், அதன் புரோரைட் வகை டவுன் டியூபைக் கவ்வுகிறது. கார்பன் ஃபிரேமுக்கென்று ஒரு பாதுகாப்பு உறையைத் தனியாக விற்கிறார்கள். அப்ரைட் வகையோ முன்சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஃபிரேமைத் தொடுவதே இல்லை. கூரையில்தான் ஏற்ற வேண்டும் என்றால் சக்கரத்தை மட்டும் பிடிக்கும் இந்த வகைதான் என் தேர்வு. ஃபோர்க்கைப் பிடிக்கும் வகையும் பாதுகாப்பானதே, ஆனால் உங்கள் சைக்கிளின் அச்சுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிஸ்க் பிரேக் உள்ள ரோடு சைக்கிள்களில் இப்போது பெரும்பாலும் சக்கரத்தின் நடுவே ஊடுருவித் திருகும் தடித்த அச்சான 12 × 100 மி.மீ. த்ரூ ஆக்சில்தான் வருகிறது, மெல்லிய அச்சுக்கான பழைய குவிக் ரிலீஸ் ரேக்கில் அது நிற்காது. கூரையில் சைக்கிள் நிற்பதை மறந்து, அடித்தளப் பார்க்கிங்கின் உயரக் கம்பிக்குள் காரை நுழைத்துவிடுவது இந்த முறையின் பேரபாயம். ஸ்டியரிங்குக்கு அருகில் ஒரு சீட்டை ஒட்டி வைப்பது வேடிக்கையாகத் தோன்றினாலும் பயன் தரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்தைச் சொல்கிறேன்: ஒன்று அல்லது இரண்டு சைக்கிள்தான் என்றால் ரேக்கே வேண்டாம். பின்னிருக்கையை மடிக்க முடிகிற எந்தச் சிறிய ஹாட்ச்பேக்கிலும் சக்கரங்களைக் கழற்றிய ரோடு சைக்கிள் உள்ளேயே அடங்கிவிடும். மழை, மரக்கிளை, திருட்டு ஆகிய மூன்று கவலைகளும் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. ஆனால் காருக்குள் வைத்துவிட்டோம் என்ற நிம்மதியில்தான் பலருடைய ஃபிரேம் கீறல்படுகிறது. சாலை அதற்குக் காரணமில்லை. சைக்கிளின் சொந்த உறுப்புகளே காரணம். கழற்றிய சக்கரத்தின் அச்சு முனை, பெடலோடு சுழலும் செயின்ரிங்கின் பல், பெடல் ஆகியவை ஃபிரேமின் மேல் சாய்ந்து, வேலூர் வரைக்கும் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டும் உரசிக்கொண்டும் வருகின்றன. அதனால்தான் சக்கரங்களை ஃபிரேமின் மேல் அடுக்கவே கூடாது என்கிறேன். தனித்தனி உறையில் போட்டு, முன்னிருக்கைக்குப் பின்னால் நிறுத்தி வையுங்கள். பிரேக் பிடிக்கும் உலோகத் தட்டான டிஸ்க் ரோட்டர் எதன் மீதும் சாயக்கூடாது, ஏனெனில் அது வளைவதற்கு அதிக விசை தேவையில்லை.

இப்போது கழற்றுவதைக் காட்டுகிறேன். பின்சக்கரத்தைத் தொடுவதற்கு முன் கியரை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள்; செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் டிரெய்லியர் உள்பக்கமாக ஒதுங்கியிருக்காமல் வெளிப்பக்கம் வந்து நிற்கும், சக்கரமும் எளிதில் கழன்றுவரும். சக்கரம் போன இடத்தில் பிரேக் பேடுகளுக்கு நடுவே இந்த மஞ்சள் பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிடுகிறேன். சைக்கிள் வாங்கும்போது கூடவே வந்திருக்கும். தூக்கி எறிந்திருந்தால் தடித்த அட்டையை மடித்துச் செருகினாலும் போதும். ரோட்டர் இல்லாத நிலையில் யாராவது பிரேக் லிவரை அழுத்திவிட்டால் பேடுகளைத் தள்ளும் பிஸ்டன்கள் நெருங்கி வந்துவிடும். மலையடிவாரத்தில் நின்றுகொண்டு அவற்றைப் பின்னுக்குத் தள்ளுவது இனிய அனுபவமாக இராது. ஃபோர்க்கின் இரு கால்களுக்கு இடையில் ஆக்சிலைத் திரும்பச் செருகி லேசாகத் திருகி வைத்தால், பக்கவாட்டு அழுத்தத்தில் அவை ஒன்றையொன்று நோக்கி வளையாது.

ஃபிரேமைச் சுற்றுவதற்கு விலையுயர்ந்த உறை எதுவும் தேவையில்லை. ஏசியின் செம்புக் குழாய்க்குப் போடுகிற கறுப்பு நுரைக் குழாய் எந்த ஹார்டுவேர் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதை நீளவாக்கில் பிளேடால் கீறி, டாப் டியூப், டவுன் டியூப், பின்சக்கரத்துக்குச் செல்லும் செயின் ஸ்டே ஆகியவற்றின் மேல் இப்படிப் பொருத்தினால் கச்சிதமாகக் கவ்விக்கொள்ளும். கீழே பழைய போர்வை ஒன்றை விரித்து, செயின் இருக்கும் பக்கம் மேலே பார்க்குமாறு படுக்க வையுங்கள். மறுபக்கமாகப் படுக்க வைத்தால் முழு எடையும் டிரெய்லியரின் மேலும் அதைத் தாங்கும் ஹேங்கரின் மேலும் விழும். ஹேங்கர் சற்று வளைந்தாலே கியர் ஒழுங்காக விழாது. பட்டை கட்டுவதானால் ஃபிரேமின் மேல் கட்டாமல் சீட் போஸ்ட்டிலும் பெடலைத் தாங்கும் கிராங்கிலும் கட்டுங்கள். நெம்புகோல் வைத்து இறுக்கும் ராட்செட் பட்டை லாரிச் சரக்குக்கானது; கையால் இழுத்து இறுக்கும் சாதாரணப் பட்டையே இதற்குப் போதும்.

மே மாத வெயிலில் மூடிய காருக்குள் ஃபிரேம் உருகிவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் 60 டிகிரியைத் தாண்டக்கூடும்தான், ஆனால் ஃபிரேம்களில் பயன்படுத்தும் எபாக்சி பொதுவாக 100 டிகிரிக்கு மேல்தான் இளகத் தொடங்கும். சைக்கிள் கம்ப்யூட்டரையும் பேட்டரி உள்ள விளக்குகளையும் மட்டும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெப்பத்தால் உண்மையான ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது: காரின் பின்புற ரேக்கில் சக்கரம் புகைபோக்கிக்கு நேர் பின்னால் அமைந்துவிட்டால், அந்தச் சூடான காற்று கார்பன் ரிம்மைச் சிதைக்கவும் டயரை வெடிக்கச் செய்யவும் வல்லது.

மலையடிவாரத்தில் இறக்கியதும், சக்கரங்களைப் பூட்டுவதற்கு முன்னால், ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் குழாய்களைப் பாருங்கள். பெயின்டில் மட்டும் விழுந்த கீறல் நகத்தில் அதிகம் தட்டுப்படாது. நகம் சிக்குகிற கோடோ, அழுத்தினால் உள்வாங்குகிற இடமோ இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் அந்த இடத்திலும் சுற்றிலும் மெல்லத் தட்டிக் கேளுங்கள்: கேட்கிறதா, இங்கே கணீரென்று இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமாக அமுங்கினால், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அந்த நிலையில் ஏறிப் பார்ப்போமே என்று கிளம்பாதீர்கள். ஏறுவதற்கு ஃபிரேம் ஒருவேளை ஒத்துழைக்கலாம், 14 வளைவுகளில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது ஒத்துழைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எல்லாம் சரியாக இருந்தால், ஆக்சிலின் மேல் அச்சிட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, சக்கரத்தைச் சுழற்றி, பிரேக் லிவரை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.