நிலத்தை அவர் பெயருக்கே எழுதுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மருத்துவம். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். இன்று நான் பேச வந்தது அந்த மருத்துவரைப் பற்றி அல்ல. 1927 முதல் 1930 வரை சென்னை மாகாண சட்டசபையில் ஒரே பெண் உறுப்பினராக இருந்து, சட்டம் இயற்றுவது எப்படி என்று காட்டியவரைப் பற்றி.

அந்தச் சபை கூடியது நம் ஜார்ஜ் கோட்டையில். ராயபுரத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். ஆனாலும் வடசென்னையில் அவரைச் சட்டசபை உறுப்பினராக அறிந்தவர்கள் குறைவு. எங்கள் பகுதியில் அவர் பெயர் ஒரு தொகையின் பெயராகத்தான் புழங்குகிறது.

தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் மாநகராட்சி சுகாதார நிலையங்களில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வரும் நாள். ரத்தம் எடுத்து, எடை பார்த்து, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் பதிந்து முடிப்பதற்குள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நர்சம்மா, முத்துலட்சுமி பணம் எப்போது வரும்?” 1987-இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவித் திட்டம் அது. 2018 முதல் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதி, இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். காசிமேட்டில் மீன் கூடை சுமக்கும் பெண்ணுக்கும், வியாசர்பாடியில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் அந்தப் பணம் பெரிய ஆறுதல். கணவர் கைக்குப் போகாமல் அவள் கணக்கிலேயே விழுகிறது என்பது அதைவிடப் பெரிய ஆறுதல்.

அந்த விண்ணப்பத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். பதினேழு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்த மாமியார்கள், “வயதைக் கொஞ்சம் ஏற்றி எழுதுங்கள் அம்மா” என்று கெஞ்சியது உண்டு. அப்படிக் கேட்டபோதெல்லாம் எனக்கு 1928-ஆம் ஆண்டின் தீர்மானம் நினைவுக்கு வரும். பெண்ணின் திருமண வயதை 16 ஆகவும் ஆணின் வயதை 21 ஆகவும் உயர்த்த வேண்டும் என்று முத்துலட்சுமி சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்றது. அடுத்த ஆண்டு மத்திய சட்டசபை நிறைவேற்றிய சாரதா சட்டமோ பெண்ணுக்கு 14 வயதோடு நின்றுவிட்டது. சென்னையில் ஒரு பெண் மருத்துவர் கேட்டது அதைவிட இரண்டு ஆண்டு கூடுதல். இளம் வயதுப் பிரசவங்களின் கொடுமையைத் தம் கையால் தொட்டு அறிந்தவர் கேட்ட வயது அது.

ஆனால் அவருடைய சட்டசபைப் பணியில் என்னை மிகவும் கவர்ந்தது, பெண்பிள்ளைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் தேவதாசி முறைக்கு எதிரான போராட்டம். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒழுக்கம், மானம் என்று பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். முத்துலட்சுமியும் அவற்றைப் பேசினார். கூடவே ஒன்றைக் கண்டுபிடித்தார்: இந்த முறை நிலத்தில் வேரூன்றி நிற்கிறது.

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கல்வெட்டுகள் புதிதல்ல. பதியிலார், தேவரடியார், இஷபத்தளியிலார் என்று அங்கே மூன்று வகைப் பெண்கள் பணி செய்தார்கள். யார் எந்தப் பணியைச் செய்வது என்று தகராறு வந்து, அதைத் தீர்த்து வைத்த செய்தியைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பணி என்றால் உரிமை, உரிமை என்றால் வாழ்வதற்கு வழி. பின்னாளில் பல கோயில்களில் இந்தப் பெண்களுக்கு இனாம் நிலம், அதாவது சேவைக்காகக் கொடுத்த மானிய நிலம், இருந்தது. கோயில் சேவை நடக்கும் வரைதான் நிலம். சேவை நின்றால் நிலம் போய்விடும். ஆகவே ஒரு தலைமுறையில் ஒரு பெண்ணாவது பொட்டுக்கட்டிக்கொள்ள வேண்டும், அதாவது சடங்கு செய்து கோயிலுக்கென்று நேர்ந்துவிடப்பட வேண்டும். தாய்க்கு மனமில்லாவிட்டாலும் வேறு வழியில்லை. குடும்பமே சோற்றுக்கு நிற்கும்.

1927 நவம்பரில் முத்துலட்சுமி கொண்டுவந்த தீர்மானம், பொட்டுக்கட்டுவதை நிறுத்தச் சட்டம் செய்யும்படி அரசைக் கேட்டது. சபை அதற்கு இசைந்தது. தீர்மானம் என்பது பரிந்துரைதான்; அரசு அதை மெல்ல ஆறப்போடலாம். அவர் காத்திருக்கவில்லை. இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் எழுதினார். 1929-இல் அது சட்டமானது. அதன்படி இனாம் நிலத்துக்கு ஒரு தீர்வை, அதாவது நிலவரி, விதித்துவிட்டு, நிலத்தைச் சேவைக் கட்டிலிருந்து விடுவிக்கலாம். அந்தப் பெண் கோயிலில் ஆடினாலும் ஆடாவிட்டாலும் நிலம் அவளுக்கே.

இதை நினைத்துப் பாருங்கள். “இதைச் செய்யாதே” என்று தடுப்பதற்கு முன்னால், “செய்யாவிட்டால் நீ பட்டினி கிடக்க வேண்டியதில்லை” என்ற உறுதியை அவர் சட்டத்தில் எழுதிவிட்டார். சமூகச் சீர்திருத்தம் பேசுகிற எத்தனை பேருக்கு இந்த வரிசை தோன்றும்? அவருடைய தாய் சந்திரம்மாள் அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர். ஒரு வீட்டில் அடுப்பு எதை நம்பி எரிகிறது என்பது முத்துலட்சுமிக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு அந்தத் திருத்தத்தில் இருக்கிறது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சத்தியமூர்த்தி போன்ற பெரிய பேச்சாளர்கள் மரபின் பெயரால் எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களிலேயே பலர் சங்கமாகக் கூடி அரசுக்கு மனு கொடுத்தார்கள். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிரணியில் இருந்தார். அவர்களை அறியாதவர்கள் என்று நான் ஒதுக்க மாட்டேன். சொத்தும் கல்வியும் பாட்டும் பரதமும் பெண்வழியாக இறங்கி வந்த குடும்பங்கள் அவை. எல்லோரையும் ஒரே சொல்லால் இழிவுபடுத்திவிட்டார்கள் என்ற அவர்கள் வேதனையில் நியாயம் இருந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதே சமூகத்திலிருந்து வந்து, ஊர் ஊராகப் போய் இந்த முறையை ஒழிக்கப் பாடுபட்டார் என்பதும் உண்மை. என் மனம் முத்துலட்சுமியின் பக்கம்தான். ஒன்றும் அறியாத சிறுமிக்கு அவள் வாழ்க்கையை யாரோ முடிவு செய்வதை எந்தக் கலையின் பெயராலும் என்னால் ஏற்க முடியாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவப் பிரிவு என்று அவர் சபையில் கேட்டவை வேறு பலவும் உண்டு. 1927-இல் அவரையே துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் அமர்ந்த சபையை ஒரு பெண் நடத்துவது அன்றைக்குச் சாதாரணமா?

1930-இல் பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தியடிகள் கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியைத் துறந்தார். தாம் மூன்று ஆண்டுகள் பாடுபட்ட மசோதா நடுவழியில் நிற்கும்போது நாற்காலியை விட்டு எழுந்து வருவது லேசான காரியமா? அவருக்குப் பின் அந்த மசோதாவைத் தூக்கிப் பிடிக்க ஆளில்லை. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947-இல்தான் தடைச் சட்டம் நிறைவேறியது. நடுவில் பதினேழு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகளை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

பதவியை விட்ட அதே 1930-இல் அவர் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அந்த வாழ்க்கையிலிருந்து வெளியேறிய பெண்பிள்ளைகளுக்குத் தங்க இடம் வேண்டுமே. சட்டசபை அனுபவங்களை ஒரு நூலாகவும் எழுதினார், ஆங்கிலத்தில்.

எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. அந்தக் காலச் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விவாதம் நடந்தது பெரும்பாலும் ஆங்கிலத்தில். முத்துலட்சுமி பேசியதையும், அவரை எதிர்த்தவர்கள் பேசியதையும் சேர்த்து, ஒருவர் பேச்சையும் வெட்டாமல், தமிழில் ஒரு சிறு புத்தகமாகக் கொண்டுவர வேண்டும். வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பெண்பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு இரண்டு அணியாகப் பிரிந்து வாதிடட்டும். ஆசிரியர்கள் யாராவது முன்வந்தால், கையெழுத்துப் படி எடுப்பதற்கும் மெய்ப்புப் பார்ப்பதற்கும் நான் கூட வருகிறேன்.

நன்றி. வணக்கம்.