அந்த ‘ஒரே ஒரு ஃபோட்டோ’ போன பிறகு வீட்ல என்ன செய்யணும்? பார்வையாளர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி அம்பத்தூர்லேர்ந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. படிச்சிடறேன். “பொண்ணு பத்தாவது படிக்கிறா. டியூஷன்ல கூடப் படிக்கிற பையன் இன்ஸ்டாகிராம்ல ஃபோட்டோ கேட்டுக் கேட்டு, இவளும் ஒண்ணு அனுப்பிட்டா. அனுப்பக்கூடாத மாதிரியான ஃபோட்டோ. சார்ஜ் போட ஃபோனை எடுத்தப்போ நான் பார்த்துட்டேன். அவகிட்ட இன்னும் எதுவும் கேக்கல. வீட்டுக்காரர் ஃபோனை உடைச்சுப் போட்டு டியூஷனை நிறுத்துங்கறார். நல்லா படிக்கிற, விவரம் தெரிஞ்ச பொண்ணு. ஏன் இப்படிப் பண்ணா? நான் இப்போ என்ன செய்யட்டும்?”

அம்மா, முதல்ல ஃபோனை உடைக்கிற பேச்சை நிறுத்தச் சொல்லுங்க. அவரோட கோபம் நியாயமானதுதான். ஆனா அந்தப் பையன் எத்தனை தடவை கேட்டான், என்னென்ன சொல்லி வற்புறுத்தினான், எல்லாமே அந்த ஃபோன்லதான் இருக்கு. இன்ஸ்டாகிராம்ல மெசேஜ் போட்டவரே அதைத் திரும்ப எடுத்துட்டா ரெண்டு பக்கமும் காணாமப் போயிடும். அவன் பயந்து எடுத்துட்டான்னா உங்க கையில ஒண்ணும் மிஞ்சாது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. நாளைக்கு அவனோ வேற யாரோ மிரட்டினா, உங்க பொண்ணு ஓடி வந்து உங்ககிட்டதான் சொல்லணும். ஃபோனை உடைச்ச வீட்ல அந்தப் பிள்ளை சொல்லாது, மறைக்கத்தான் பார்க்கும்.

‘விவரம் தெரிஞ்ச பொண்ணு, ஏன் பண்ணா?’ன்னு கேக்கறீங்க. இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா இதைப் புரிஞ்சுக்காம எடுக்கற நடவடிக்கை எல்லாம் தப்பாத்தான் போகுது.

2005-ல அமெரிக்காவுல கார்ட்னர், ஸ்டைன்பெர்க்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை பண்ணாங்க. கம்ப்யூட்டர்ல கார் ஓட்டுற விளையாட்டு. மஞ்ச விளக்கு எரியும்போது நிறுத்தலாம், இல்ல துணிஞ்சு ஓட்டலாம். 13-லேர்ந்து 16 வயசுப் பிள்ளைங்க தனியா விளையாடினப்போ ஓரளவு நிதானமாத்தான் ஓட்டினாங்க. அதே வயசுல வேற பிள்ளைங்க, பக்கத்துல ஃப்ரெண்ட்ஸ் நின்னு பார்க்க விளையாடினப்போ, எடுத்த ரிஸ்க் ஏறக்குறைய ரெண்டு மடங்கா இருந்துச்சு. 24 வயசுக்கு மேல இருந்தவங்ககிட்ட யார் பார்த்தாலும் வித்தியாசம் இல்ல. அப்போ பிள்ளைக்கு ஆபத்து தெரியாம இல்ல. தெரியும். கூட்டாளிங்க முன்னாடி நிக்கும்போது அந்த அறிவு பின்னாடி போயிடுது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. ராத்திரி 11 மணிக்கு உங்க பொண்ணு போர்வைக்குள்ள தனியா படுத்திருக்கான்னு நாம நினைக்கிறோம். அவ தனியா இல்ல. அந்த ஃபோனுக்குள்ள முழு வகுப்பும் உட்கார்ந்திருக்கு. அந்தப் பையனும் தனியா கேக்கல. அவனோட கேங்கு இன்னொரு குரூப்ல ‘என்னடா, அனுப்பினாளா? காட்டுடா’ன்னு நெருக்கிட்டு இருக்கலாம். பல பசங்களுக்கு அந்த ஃபோட்டோ ஆசைக்காக மட்டும் இல்ல, கூட்டாளிகள்கிட்ட காட்டிக்கிற மெடல் அது. ஒரே ஃபோட்டோ, அவனுக்கு கெத்து, அவளுக்குக் கெட்ட பேரு. அனுப்பினது ஒரு தப்புன்னா பரப்புறது அதைவிடப் பத்து மடங்கு தப்பு, ஆனா நம்ம தெருவுல தலைகுனியறது யாருன்னு உங்களுக்கே தெரியும். இதை மாத்தாம பிள்ளைகளைக் காப்பாத்த முடியாதுங்கறது என் உறுதியான எண்ணம்.

அந்த சாட் மெசேஜையெல்லாம் மேலேர்ந்து கீழ வரைக்கும் பொறுமையாப் படிச்சுப் பாருங்க. முதல் நாளே அவன் அப்படிப்பட்ட ஃபோட்டோவைக் கேட்டிருக்க மாட்டான். ‘யூனிஃபார்ம்ல ஒரு செல்ஃபி’. அப்புறம் ‘வீட்டு டிரெஸ்ல ஒண்ணு’. அப்புறம் அவனே அவனோடதை அனுப்பிட்டு ‘நான் அனுப்பிட்டேன், இப்போ உன் டர்ன்’. அப்புறம் ‘என் மேல நம்பிக்கை இல்லையா?’ கடைசியில ‘ஒரே ஒரு தடவை, பார்த்த உடனே டெலீட் பண்ணிடறேன்.’ இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடிக்கிற கதை. ஒவ்வொரு படியும் முந்தின படியைவிடக் கொஞ்சம்தான் உயரம், அதனால எந்த இடத்துல நிறுத்தியிருக்கணும்னு ஏறுறவளுக்குத் தெரியாது. பத்து தடவை மறுத்துட்டு பதினோராவது தடவை அனுப்பினா அதுக்குப் பேரு சம்மதம் இல்லம்மா, களைப்பு.

இன்னொரு வாசகம் நிச்சயம் இருக்கும்: ‘எல்லாரும்தான் அனுப்புறாங்க.’ அது பொய். 2018-ல ஜாமா பீடியாட்ரிக்ஸ்ங்கற மருத்துவ இதழ்ல 39 ஆய்வுகளைச் சேர்த்து, 1,10,000 பேருக்கு மேல கணக்குப் பார்த்து வெளியிட்டாங்க. பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பாப் பிள்ளைங்க. அங்கேயே அனுப்பினவங்க 100-ல 15 பேர்தான். 85 பேர் அனுப்பல. அதே ஆய்வுல 100-ல 12 பேர், தனக்கு வந்ததை அனுப்பினவங்களைக் கேக்காமலே அடுத்தவங்களுக்குத் தள்ளிவிட்டதா சொல்லியிருக்காங்க. எட்டுல ஒருத்தர். இந்த ரெண்டு எண்ணையும் உங்க பொண்ணுகிட்ட அப்படியே சொல்லுங்க. பயமுறுத்தற மாதிரி இல்லாம, தகவலா சொல்லுங்க.

டெலீட் பண்ணிட்டேன்னு அவன் சொன்னா நம்பலாமாங்கற கேள்வி வரும். அவன் நல்லவனாவே இருந்தாலும் அந்த ஃபோட்டோ எங்கெங்க தங்கும்னு பாருங்க. கூகுள் ஃபோட்டோஸ்ல பேக்கப் ஆன படத்தை அழிச்சாலும் 60 நாள் குப்பைத் தொட்டியில கிடக்கும். ஐஃபோன்ல 30 நாள். வாட்ஸ்அப்ல வந்த படம் கேலரிக்குத் தானா போகும். அப்பாவோட கூகுள் கணக்குலயே பையனோட ஃபோனும் ஓடுற வீடு எத்தனை இருக்கு! அப்பா ஃபோன்லயும் வந்து நிக்கும். டிஸ்ப்ளே மாத்த ரிச்சி ஸ்ட்ரீட்ல கொடுக்கும்போது கடைக்காரர் கேக்கறாருன்னு லாக் நம்பரையும் சேர்த்துத்தானே கொடுக்கிறோம்? ‘ஒரு தடவை மட்டும் பார்க்கலாம்’னு வாட்ஸ்அப்ல இருக்கே, அதுல ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாதுதான். பக்கத்துல இன்னொரு ஃபோனை வச்சுப் படம் எடுத்தா எந்த ஆப்பும் தடுக்காது.

இப்போ சட்டம். சுருக்கமா, ஆனா கவனமா கேளுங்க. குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்லேர்ந்து காக்க 2012-ல வந்த போக்சோ சட்டப்படி 18 வயசு நிறையாத எல்லாரும் குழந்தை. சம்மதத்தோட அனுப்பினாங்கற பேச்சே அங்க எடுபடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவுப்படி குழந்தையோட இப்படிப்பட்ட படத்தைப் பரப்பினா முதல் தடவையே 5 வருஷம் வரை ஜெயில், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெறுமனே வச்சிருந்தா தப்பில்லைங்கற எண்ணமும் வேண்டாம். நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துலேர்ந்து போன ஒரு வழக்குல, 2024 செப்டம்பர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிடுச்சு. குழந்தைகளை ஆபாசமாக் காட்டுற படத்தை அழிக்காம, புகாரும் கொடுக்காம ஃபோன்ல வச்சிருக்கிறதே போக்சோ 15-ஆம் பிரிவுல வரும்.

அதனால, உங்களுக்குத்தான் முக்கியமா சொல்றேன், அந்தப் படத்தை ‘ஆதாரத்துக்கு’ன்னு வீட்டுக்காரருக்கோ, தம்பிக்கோ, டியூஷன் சாருக்கோ வாட்ஸ்அப்ல அனுப்பிடாதீங்க. பதட்டத்துல பெத்தவங்க பண்ற பெரிய தவறு இதுதான். ஒரு கையிலேர்ந்து பத்துக் கைக்குப் படம் போறது சில சமயம் நம்ம வீட்டு வழியாவே நடக்குது. ஏரியாப் பெரியவங்களைக் கூட்டிப் பேசி முடிச்சுக்கலாம்னு சில பேர் சொல்வாங்க. அங்கயும் ‘எங்க, காட்டு’ன்னு ஃபோன் கை மாறும். வேண்டாம்.

எடுக்க வேண்டிய ஆதாரம் வேற. சாட்ல அவன் கேட்ட வரிகள், தேதியும் நேரமும் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட். படம் இருக்கிற பகுதி அதுல வரக்கூடாது. அவனோட யூசர்நேம் முழுசா, ப்ரொஃபைல் பக்கத்தோட லிங்க். இவ்வளவும் எடுத்து முடிச்ச பிறகு பிளாக் பண்ணுங்க. முதல்லயே பிளாக் பண்ணிட்டுத் தேடினா பாதி கிடைக்காது.

அடுத்து, படம் வெளியில போகாம தடுக்க ஒரு வழி இருக்கு. ‘டேக் இட் டவுன்’னு ஒரு இலவச சேவை, அமெரிக்காவுல காணாமப் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துறது, எந்த நாட்டுலேர்ந்தும் பயன்படுத்தலாம். பேரு, நம்பர் எதுவும் கொடுக்கத் தேவையில்லை. உங்க பொண்ணோட ஃபோன்ல இருக்கிற அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தா, கைரேகை மாதிரி ஒரு எண் உருவாகும். படம் ஃபோனை விட்டுப் போகாது, அந்த எண் மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி சேர்ந்திருக்கிற தளங்கள்ல யாராவது அதே படத்தைப் போட்டா, அந்தத் தளம் இந்த எண்ணை வச்சு அதைக் கண்டுபிடிச்சு நீக்க முடியும். இதுக்கு மூலப் படம் கையில இருக்கணும். அதனால அவளே உட்கார்ந்து இந்த எண்ணை உருவாக்கட்டும், அதுக்கு அப்புறம் அழிக்கட்டும். போலீஸ் புகாருக்குப் போறதா இருந்தா, அழிக்கிறதுக்கு முன்னாடி அவங்களைக் கேட்டுக்குங்க. வாட்ஸ்அப் மாதிரி, அனுப்பினவரும் வாங்கினவரும் மட்டுமே பார்க்கிற என்கிரிப்ட் ஆன சாட்டுக்குள்ள இது வேலை செய்யாதுங்கறதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க.

படம் ஏற்கெனவே பரவியிருந்தா 1098, குழந்தைகளுக்கான உதவி எண். 1930, சைபர் கிரைம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்துல பெண்கள், குழந்தைகளுக்குன்னு தனிப் பகுதி இருக்கு, அதுல பேரு சொல்லாமலும் புகார் பண்ணலாம். ‘பொண்ணை ஸ்டேஷன் வாசலை மிதிக்க வைக்கணுமா’ன்னு தயங்கறவங்களுக்காக சொல்றேன்: போக்சோ 24-ஆம் பிரிவுப்படி குழந்தையோட வாக்குமூலத்தை வீட்லயோ அவ விரும்புற இடத்துலயோதான் வாங்கணும். முடிஞ்ச வரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் யூனிஃபார்ம் இல்லாம. ராத்திரி ஸ்டேஷன்ல வைக்கக்கூடாது. பேரு, பள்ளிக்கூடம் எதையும் பத்திரிகையில போடக்கூடாது. ஸ்கூல்ல சொல்றதா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. குற்றம் நடந்ததுன்னு தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும்னு அதே சட்டம் சொல்லுது. ‘நமக்குள்ளயே வச்சுக்கலாம் மிஸ்’னு கேட்டா அவங்களால ஒத்துக்க முடியாது.

பையன்களைப் பெத்தவங்களும் கேட்டுட்டு இருப்பீங்க, உங்களுக்கும் ஒண்ணு. முகம் தெரியாத மிரட்டல் கும்பல் இப்போ அதிகமாத் தேடுறது பையன்களைத்தான். அழகான பொண்ணு ப்ரொஃபைல்லேர்ந்து ரிக்வெஸ்ட் வரும். ஒரு மணி நேரத்துல பேச்சு நெருக்கமாகும், வேற ஆப்புக்கு வான்னு கூப்பிடும், வீடியோ கால் வரும். உடனே அடுத்த மெசேஜ், இவனோட ஃபாலோயர்ஸ் லிஸ்ட்டோட ஸ்க்ரீன்ஷாட். ‘10 நிமிஷம் டைம். ரூ. 5,000 போடு. இல்லன்னா உங்க அக்காவுக்கு முதல்ல போகும்.’ அந்தப் பத்து நிமிஷம்தான் அவங்க ஆயுதம். யோசிக்க விடமாட்டாங்க, யார்கிட்டயும் சொல்ல விடமாட்டாங்க. காசு போட்டா நிக்காது, கொடுக்கிற பார்ட்டின்னு தெரிஞ்சதும் அடுத்தது பத்தாயிரம். போடாதீங்க, பதிலும் சொல்லாதீங்க. போட்டாச்சுன்னா பரிவர்த்தனை எண்ணோட உடனே 1930. சீக்கிரம் கூப்பிட்டாத்தான் பணத்தை நடுவழியில நிறுத்த வாய்ப்பிருக்கு. இந்த மாதிரி நேரத்துல பிள்ளை அவமானத்துல உயிரை விட்டுடலாம்னு நினைக்கிற ஆபத்து நிஜமானது. அன்னிக்கு ராத்திரி தனியா படுக்க விடாதீங்க. 14416, டெலி மானஸ்ங்கற மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம்.

சரி, அம்பத்தூர் அம்மாவுக்கு வர்றேன். பொண்ணுகிட்ட எப்படி ஆரம்பிக்கறது? அப்பா பக்கத்துல இருக்க வேண்டாம். எதிரெதிரா உட்கார வச்சு விசாரிக்க வேண்டாம். கீரை ஆயும்போதோ துணி மடிக்கும்போதோ, கை ஒரு வேலையில இருக்கட்டும். முதல் வாக்கியம்: ‘நான் மெசேஜைப் பார்த்துட்டேன். உன் மேல கோபம் இல்ல. இதைச் சேர்ந்து சரி பண்ணுவோம்.’ அவ அழுவா, இல்ல ‘என் ஃபோனை ஏன் தொட்டே’ன்னு கத்துவா. ரெண்டும் பயம்தான். கத்தட்டும், காத்திருங்க. ‘ஏன் அனுப்பினே?’ன்னு கேக்காதீங்க, அதுக்குப் பதில் அவளுக்கே தெரியாது. ‘அவன் எப்படிக் கேட்டான்? வேற யாருக்காவது தெரியுமா? மிரட்டினானா?’ இந்த மூணு போதும்.

டியூஷனை நிறுத்தாதீங்க. தண்டனை அவளுக்குன்னு ஆயிடும், ஏன் நின்னான்னு பேச்சும் கிளம்பும். வேற பேட்ச்சுக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க. அந்தப் பையனும் குழந்தைதான். மிரட்டலோ பரப்பலோ இல்லைன்னு தெரிஞ்சா அவங்க அம்மா அப்பாவை நேர்ல பாருங்க, தெருவுல நின்னு இல்ல. அடிக்கப் போகாதீங்க. அடி வாங்கின பையன் பழி தீர்க்க எடுக்கிற முதல் பொருள் அந்த ஃபோட்டோவாத்தான் இருக்கும்.

அப்புறம் அவ அடுத்த தடவை மறுக்கறதுக்கு ஒரு வழி செஞ்சு கொடுங்க. கொள்கை பேசி மறுக்கிற தைரியம் அந்த வயசுல கூட்டாளிங்க முன்னாடி வராது, சாக்கு சொல்லித்தான் தப்பிக்க முடியும். ‘எங்க அம்மா ராத்திரி ஃபோனை எடுத்துப் பார்ப்பாங்க, மாட்டிக்குவேன்’னு சொல்லிடச் சொல்லுங்க. நீங்க பார்க்கலைன்னாலும் பரவாயில்ல. கெட்ட பேரு உங்களுக்கு வரட்டும். தெரியாத யாராவது எதையாவது அனுப்பினா, நேரம் காலம் பார்க்காம எழுப்பலாம்னும் சொல்லி வைங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும்.