மீன்முள் வாய்க்காலும் மூன்று ஆபீஸும்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜாம்புவானோடை படகுத்துறையிலிருந்து கோரையாறு வழியாக வந்திருக்கிறேன். வனத்துறை அனுமதியோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் ஒரு ஓரமாக நிற்கிறேன். காட்டின் அழகைப் பற்றி நிறைய வீடியோ வந்துவிட்டது. இன்று எனக்குப் பின்னால் இருக்கிற இந்த வாய்க்காலை மட்டும் பாருங்கள். நடுவில் பெரிய வாய்க்கால் ஒன்று, அதன் இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கிளைகள். மேலேயிருந்து பார்த்தால் மீனின் நடுமுள்ளும் பக்க முட்களும் மாதிரியே இருக்கும். மீன்முள் வாய்க்கால் என்றுதான் இதற்குப் பெயர்.

நான் பதினோரு வருடம் வேலை பார்த்தது வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், குவாலிட்டி பிரிவில். அங்கேயும் ஒரு மீன்முள் உண்டு. ஜப்பானின் கவோரு இஷிகாவா பிரபலப்படுத்திய வரைபடம். மீனின் தலையில் பிரச்சினையை எழுதுவோம். ஒவ்வொரு முள்ளிலும் ஆள், மெஷின், மூலப்பொருள், செய்முறை என்று காரணங்களை எழுதிக்கொண்டே போவோம். தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு இதெல்லாம் பழக்கமான விஷயம். 1998-லேயே சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கிவிட்டது, இந்தியாவிலேயே முதல் கம்பெனியாக. கைஸன், அதாவது வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்ந்து மேம்படுத்துவது, என்றால் என்ன என்று ஹோசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படி வந்த எனக்கு, முதல் தடவை இந்த வாய்க்காலைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துப்போனது. காரணத்தைத் தேடுவதற்காக நாங்கள் பேப்பரில் வரைந்த மீன்முள்ளை, காரணம் கிடைத்த பிறகு இங்கே சேற்றில் தோண்டி வைத்திருக்கிறார்கள்.

காடு அழிந்ததற்கான அந்தக் காரணம் எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிச்சாவரத்திலும் சரி, முத்துப்பேட்டையிலும் சரி, காட்டுக்கு நடுவே பெரிய பெரிய வெட்டவெளிகள் இருந்தன. ஆடுமாடு மேய்ப்பதாலும் ஊர் மக்கள் விறகு வெட்டுவதாலும்தான் காடு போனது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஷாப்ஃப்ளோரில் 'ஏன் ஏன்' என்று ஐந்து தடவை கேட்கச் சொல்வார்கள். அதை இங்கே போட்டுப் பாருங்கள்.

மரக்கன்று ஏன் செத்தது? மண்ணில் உப்பு அளவுக்கு மீறிப் போனது. ஏன் உப்பு ஏறியது? ஓதத்தில், அதாவது கடல் ஏறும்போது, உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போகாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனது. ஏன் தேங்கியது? நிலம் நடுவில் பள்ளமாக, தட்டு மாதிரி இறங்கியிருந்தது. ஏன் இறங்கியது? மரம் இல்லாமல் வெயில் நேரடியாக விழுந்ததில் மண்ணின் ஈரம் வற்றி, மண் அமுங்கிப்போனது. ஏன் மரம் இல்லை? 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மொத்தமாக வெட்டுவதுதான் நிர்வாக முறையாகவே இருந்தது.

ஐந்தாவது 'ஏன்' ஊர் மக்களிடம் போய் முடியவில்லை, பாருங்கள். பழைய திட்டத்தில் போய் முடிகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இதைக் களத்தில் ஆய்வு செய்து சொன்னது. அதோடு நிற்காமல் வனத்துறையையும் ஊர் மக்களையும் சேர்த்துக்கொண்டு, பள்ளத்திலிருந்து பக்கத்து ஓடைக்கு வாய்க்கால் வெட்டி, ஓதத் தண்ணீர் வந்து போக வழிசெய்து, அதற்குப் பிறகுதான் கன்று நட்டார்கள். பிச்சாவரத்தின் 1986, 2002 செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது காட்டின் பரப்பு ஏறக்குறைய 90 சதவீதம் கூடியிருந்தது. தண்ணீருக்கு வழிவிடாமல் எத்தனை லட்சம் கன்று நட்டிருந்தாலும் இது நடந்திருக்காது.

சரி, அதோடு வேலை முடிந்ததா? இல்லை. வாய்க்கால் தூர்ந்துபோகும். ஓதம் கொண்டு வருகிற வண்டல் கொஞ்சம் கொஞ்சமாக வாயை அடைத்துவிடும். கிளை வாய்க்கால் அடைபட்டால் அதன் ஓரத்தில் இருக்கிற வெண்கண்டல் மரத்துக்கு மறுபடியும் பழைய கதைதான். அதனால் திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்று தொழிற்சாலையில் சொல்கிற சக்கரத்தில் மூன்றாவதும் நான்காவதும்தான் இந்தக் காட்டுக்கு உயிர். முத்துப்பேட்டைப் பக்கம் வாய்க்காலில் மீன் பிடிப்பது பழைய வழக்கம். வாய்க்கால் தூர்ந்தால் மீன் வராது, அதனால் வாய்க்கால் வைத்திருப்பவர்கள் தாங்களாகவே தூர் எடுப்பார்கள். 'சரிபார்' என்கிற வேலையை யாரும் உத்தரவு போடாமலே செய்கிறவர்கள் அவர்கள். மறுசீரமைப்புக் கூட்டங்களில் முதல் நாற்காலி அவர்களுக்குத்தான் போட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இப்போது என் கண்முன் நடந்த ஒன்று. டெல்டாவில் வேறொரு இடம். ஊர் பெயரும் ஆபீஸ் பெயரும் வேண்டாம். ஒரு தன்னார்வக் குழுவோடு நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன். வடிகால் வாய்க்காலும் காட்டு வாய்க்காலும் சேருகிற முகத்தில் மணல் மேடு போட்டுவிட்டது. வாய்க்கால் ஒரு துறையுடையது, காடு இன்னொரு துறையுடையது, அங்கே வலை போடுகிறவர்களுக்கு மானியம் கொடுப்பது மூன்றாவது துறை. ஜனவரியில் ஊர்க் குழு மனு கொடுத்தது. மழைக்கு முன்னால் திறந்தால்தான் நடவு பிழைக்கும். பொக்லைன் வந்தது நவம்பரில். அதற்குள் மழை ஆரம்பித்துவிட்டது, வண்டி சேற்றில் இறங்க முடியாமல் திரும்பிப் போனது. தேங்கிய தண்ணீரில் அந்த வருடம் நட்ட கன்று பெரும்பாலும் அழுகிப்போனது. கன்று சுமந்து வந்த அக்காமார்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னமும் என் மனதில் இருக்கிறது.

நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். ஒரு சார்ட் பேப்பரில் அந்த மனு நடந்த பாதையை வரைந்தேன். எந்த மேசைக்கு எந்தத் தேதியில் போனது, எப்போது வெளியே வந்தது. ஒவ்வொரு மேசையிலும் நடந்த உண்மையான வேலையைக் கூட்டினால் நான்கு நாள்தான் வந்தது. மீதி மாதங்கள் எல்லாம் ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் நடுவில் காத்துக் கிடந்த நேரம். யாரும் சோம்பேறியாக இருந்ததில்லை. ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் இருந்த வேலையைச் செய்துதான் அனுப்பியிருந்தார்கள். மணல் மேடு மட்டும் யாருடைய எல்லையிலும் இல்லாமல் இருந்தது.

அடுத்த வருடம் அந்தப் பேப்பரோடு மூன்று ஆபீஸுக்கும் போய், ஒரே ஒரு நாள் தண்ணீர் வற்றுகிற நேரத்தில் அந்த மேட்டுக்கு வாருங்கள் என்று கேட்டோம். தொழிற்சாலையில் இதை கெம்பா என்போம், வேலை நடக்கிற இடத்துக்கே போய்ப் பார்ப்பது. மூன்று பேரும் வந்தார்கள். ஒரே வாய்க்காலைப் பற்றிப் பல வருடம் கடிதம் எழுதிக்கொண்டவர்கள் அன்றுதான் முதல் தடவை நேரில் சந்தித்தார்கள். அரை மணி நேரத்தில் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, இதுவரை உங்களுடையது, இதிலிருந்து எங்களுடையது என்று பேசி முடித்தார்கள். ஆகஸ்டிலேயே மேடு திறந்தாயிற்று.

இதில் நான் கற்றுக்கொண்ட இன்னொன்று, கணக்கு. ஒரு துறை நட்ட கன்றை எண்ணுகிறது. ஒரு துறை தூர்வாரிய கிலோமீட்டரை எண்ணுகிறது. இன்னொன்று பயனாளிகளை எண்ணுகிறது. மூன்றுமே நிறைவேறி, காடு மட்டும் வராமல் போகலாம். அதனால் எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒரு கணக்கு வேண்டும். மரம் வளர்ந்து தெரிய வருடங்கள் ஆகும், தொழிற்சாலை மாதிரி ஷிஃப்ட் முடியும்போது பதில் கிடைக்காது. ஆனால் சீக்கிரம் தெரிகிற அடையாளங்கள் இருக்கின்றன. மண்ணில் சின்னக் குழி பறித்து ஊறுகிற தண்ணீரை உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். கடல் தண்ணீர் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் எங்கோ அடைத்திருக்கிறது. ஓதம் வற்றிய பிறகு எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கிறது என்பதை ஒரு அளவுக் குச்சியே சொல்லிவிடும். அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்த அடையாளம், நாம் நடாமலே தானாக முளைத்த கன்று. அதைப் பார்த்துவிட்டால் வாய்க்கால் வேலை செய்கிறது என்று அர்த்தம். உமரிச் செடிகளுக்கு நடுவே ஒரு கன்று தலைநீட்டியதைப் பார்த்து நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

காலண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோண்டுவது கோடையில், நடுவது வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும்போது. மழையில் உப்பு குறையும், நடுவதற்கான வெண்கண்டல் காய்களும் அந்தச் சமயத்தில்தான் கிடைக்கும். அரசுக் கணக்கு வருடம் மார்ச் 31-ல் முடிகிறது. மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான தேதி ஜூன் 12, அந்த நன்னீர் கடைமடை தாண்டி இங்கே வருவது அதற்கும் பின்னால். இந்தத் தேதிகளை ஒரே சுவரில் எழுதி மூன்று துறையும் சேர்ந்து பார்த்தால், எந்த மாதத்துக்குள் பணம் கைக்கு வர வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அமெரிக்காவில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தை மீட்கும் திட்டத்துக்கு 2000-ல் சட்டம் போட்டபோதே, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியார் குழு வந்து சரிபார்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். நம் கடலோரத் திட்டங்களிலும் சரிபார்க்கும் தேதியை முதல் நாளே எழுத வேண்டும். இந்த வீடியோவை ஏதாவது ஒரு துறை நண்பர் பார்த்துக்கொண்டிருந்தால், இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இதோ, இந்தக் கிளை வாய்க்காலின் வாயில் இப்போது ஒரு அளவுக் குச்சி ஊன்றியிருக்கிறோம், சிவப்புப் பட்டை தெரிகிறதா? அமாவாசைக்கு மறுநாள் ஓதம் நன்றாக ஏறி வற்றும். அன்று காலை ஊர்க் குழுவோடு திரும்பி வருகிறேன். தண்ணீர் பட்டைக்கு மேலே நின்றாலும் கீழே இறங்கினாலும் அப்படியே அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். படகுக்காரர் அண்ணன் கூப்பிடுகிறார், தண்ணீர் இறங்குவதற்குள் கிளம்பணும். வருகிறேன்.